யான் கொண்ட விசைப்பலகை

தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவன் ஒருவன் எழுத்தைப்பற்றி எழுதப் புகுந்தால், ஓலையும் எழுத்தாணியும் அவன் கட்டுரையில் தலைகாட்டும் என எதிர்பார்ப்பது இயல்பே. யான் எழுதப் புகுவதோ, கடைவீதியில் 2,300 ரூபாய்க்குக் கொண்ட ஒரு விசைப்பலகையைப்பற்றி. இப்பொருள் இம்மலரின் தமிழ்ப் பகுதிக்கு ஏலாது, விஞ்ஞானப் பகுதிக்கே ஏற்றது என்று நண்பர் சிலர் நகையாடினர். அந்நகைப்பை யான் பெரிதாகக் கொண்டிலேன். ஓலையில் எழுதினோர் புள்ளியிட்டால் ஓலை பொத்துப்போகுமென்று அஞ்சிப் பெரும்பாலும் புள்ளியை விட்டே எழுதினர் என்பதும், அதனால் ஏடுகளைப் பதிப்பிக்கப் புகுந்தோர் மெய்யெழுத்தோ உயிர்மெய்யோ என்று பல இடங்களில் மயங்கினர் என்பதும் நம் ஆசிரியன்மார் வகுப்பில் பன்முறை எடுத்துரைப்பவை. எழுதும் கருவி எழுத்தின் வடிவையே தொடுமாயின், இன்று நம் விரலின்கீழ் உள்ள கருவி எத்தகையது என்று பார்ப்பதும் தமிழ் பயில்வான் தொழிலேயன்றோ? அந்தப் புள்ளியே பின்னர் எனக்கு ஒரு பெரிய செய்தியாக வந்து வாய்த்தது. அதனை அதற்குரிய இடத்திற் கூறுவேன்.

நம் கல்லூரிக் கணிப்பொறிக் கூடத்திலும், அலுவலகங்களிலும் காணப்படும் மலிவான பலகைகளுள் பெரும்பாலானவை ரப்பர்க் குமிழியால் இயங்குவன. விசைகளின் கீழ் ஒரே விரிப்பாக ரப்பர்க் குமிழிகள் எழுந்து நிற்கும். அவ்விரிப்பின் கீழே மூன்று மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். விசையை அடிவரையில் அழுத்தினால் குமிழி மடிந்து, மேல்தாளைக் கீழ்தாளோடு தொடுவிக்கும், தொட்ட இடத்தில் மின் ஓடும், எழுத்துத் தோன்றும். இவை செய்தற்கு எளியன; விலையும் குறைவு. ஆயின் ஒரு குமிழி கெட்டால் அதனை மட்டும் எடுத்து மாற்ற வழியில்லை. நாட்பட நாட்பட ரப்பர் சோர்ந்து, அழுத்துவது நனைந்த பஞ்சை அழுத்துவது போலாகிவிடும்.

யான் கொண்ட பலகை வேறு வகையது. இதனை மெக்கானிக்கல் விசைப்பலகை என்பர். இதில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியே ஒரு சுவிட்சு உண்டு. மேற்கூடு, கீழ்க்கூடு, நடுவே ஏறியிறங்கும் தண்டு, அத்தண்டைத் தாங்கும் சுருள்வில், பக்கத்தில் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள், இவ்வளவே அதன் உறுப்புக்கள். தண்டு மேலே நிற்கும்பொழுது அதன் பக்கத்திலுள்ள கால்கள் தகடுகளைப் பிரித்து வைக்கும். கீழிறங்கினால் தகடுகள் ஒன்றையொன்று தொடும். தண்டு முழுதும் இறங்கும் தூரம் 4 மில்லிமீட்டர். ஆயின் 2 மில்லிமீட்டர் அளவில் இறங்கியபொழுதே எழுத்துப் பதிந்துவிடும். அடிவரையில் அழுத்த வேண்டுவதின்று. இப்பாதித் தூரமே இக்கட்டுரையின் உயிர்நிலை என்று சொன்னாலும் மிகையாகாது.

இச்சுவிட்சுகளில் இன்று பெருவழக்காயிருப்பது செர்ரி நிறுவனத்தார் 1980-களில் வெளியிட்ட எம்எக்ஸ் என்னும் அமைப்பு. நிறத்தால் இவற்றின் குணத்தை அறியலாம். சிவப்பு, தடையின்றி நேரே இறங்கும். 45 கிராம் எடையளவான அழுத்தமே அதற்குப் போதும். பழுப்பு, பாதிவழியில் ஒரு சிறு மேட்டைக் கடந்து இறங்கும். எழுத்துப் பதிந்ததென்று விரலுக்கு அது குறிப்பாக உணர்த்தும். நீலம், அம்மேட்டோடு 'டிக்' என்று ஓசையும் செய்யும். பலர் கூடி உறங்கும் விடுதியில் நீலத்தை வாங்கும் மாணவனுக்கு நண்பர் நிலைப்பதரிது. செர்ரியாரின் காப்புரிமைக் காலம் முடிந்தபின், 2010-களில், சீன நாட்டார் அதே அமைப்பில் கேட்ரான், கைல், அவுட்டெமு முதலிய பெயர்களால் சுவிட்சுகளைப் பெருக்கினர். அதனாலேயே எம்போலியர் கைக்கு இவை எட்டின.

எனக்கு இப்பலகை வேண்டியிருந்த காரணத்தையும் சொல்லவேண்டும். முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு ஆய்வேடுகளைத் தமிழில் தட்டச்சுச் செய்து கொடுத்து, பக்கத்திற்கு 20 ரூபாய் பெற்று வருகிறேன். சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் 215 பக்கமுள்ள ஆய்வேடு ஒன்று கிடைத்தது. அதனை முடித்தபொழுது கையில் 4,300 ரூபாயும், விடுதியிலுள்ள என் பழைய ரப்பர்ப் பலகையில் அழிந்துபோன நான்கு விசைகளும் இருந்தன.

யான் பயன்படுத்துவது தமிழ்99 என்னும் எழுத்தமைப்பு. 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசினர் ஏற்றுக்கொண்டது இது. இதன் அழகை விரித்துரைக்காமல் மேற்செல்ல மனம் வரவில்லை. ஆங்கில எழுத்து 26, தமிழுக்கோ 247. இவற்றை ஒரு கையளவான பலகையில் எங்ஙனம் அடக்குவது? இலக்கணம் பயின்றவனுக்கு இது வினாவேயன்று. உயிர் 12, மெய் 18, புள்ளி 1, ஆக 31 விசைகள் இருந்தால் உயிர்மெய் 216-உம் தாமே பிறந்துவிடும். ஆங்கில எழுத்துக்குரிய 26 விசைகளோடு, நிறுத்தற்குறிகளும் பிறைக்குறிகளும் இருக்கும் ஐந்து விசைகளைக் கூட்டினால் சரியாக 31. உயிரெல்லாம் இடக்கையில், மெய்களுள் வகரமும் ஙகரமும் ஒழிந்த பதினாறும் வலக்கையில். ககரத்தைத் தட்டிப் பின் இகரத்தைத் தட்டினால் 'கி' வரும். வலக்கையின் மெய்யும் இடக்கையின் உயிரும் கூடி உயிர்மெய் ஆவதை, எழுத்ததிகாரம் பயிலும்பொழுது கருத்தால் அறிந்தேன். இப்பலகையில் கையால் அறிந்தேன்.

இன்னும் ஒரு நயம் உண்டு. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே வந்து சேரும். 'அம்மா' என்று எழுத அகரம், மகரம், மகரம், ஆகாரம் என நான்கு தட்டுப் போதும். ஙகரத்தின்பின் ககரம், ஞகரத்தின்பின் சகரம், ணகரத்தின்பின் டகரம், நகரத்தின்பின் தகரம், மகரத்தின்பின் பகரம், னகரத்தின்பின் றகரம் வரினும் அவ்வாறே. இனவெழுத்து என்று நாம் மனப்பாடம் செய்தவற்றைப் பொறியும் அறிந்து வைத்திருக்கிறது. புள்ளி வேண்டாத இடத்தில் மட்டும் இடையே ஓர் அகரத்தைத் தட்டித் தடுக்கவேண்டும். 'மமதை' என்று எழுத அங்ஙனமே செய்யவேண்டியிருக்கிறது. அச்சொல்லுக்கு ஒரு தட்டு மிகுதியாவது தகும் என்றே எண்ணிக்கொள்வேன்.

ஆகவே தமிழில் எழுதுவோன் மலிவான பலகை வாங்கும்பொழுது முதலில் எண்ணவேண்டியது, அந்த 31 விசைகளும் தத்தம் இடத்தில் குறையாமல் உள்ளனவா என்பதே. கைக்கடக்கமாயிருக்க வேண்டுமென்று விசைகளைக் குறைத்துக்கொண்டே போன பலகைகள் உண்டு. 61 விசை வரையில் நமக்குத் தீங்கில்லை. அதனினும் சுருங்கியவற்றில் சகரம், ஞகரம், நகரம், யகரம், ழகரம் ஆகிய ஐந்தும் இருக்கும் ஓரத்து விசைகளிலேயே கத்தி விழும். ஆங்கிலத்தார்க்கு அவை வெறும் குறிகள். ழகரம் இல்லாத பலகையைத் தமிழன் என்ன செய்வது? யான் அம்புக்குறி விசைகளும் அமைந்த 68 விசைப் பலகையைத் தேடினேன்.

தேடியது சென்னை ரிச்சித் தெருவில். அண்ணா சாலையிலிருந்து பிரிந்து செல்லும் அச்சிறு தெருவும் அதன் கிளைச் சந்துகளும் மின்னணுப் பொருள்களுக்குப் பேர்போனவை. ஆகஸ்டுத் திங்களில் ஒரு பிற்பகல், நான்கு கடைகள் ஏறியிறங்கினேன். மூன்றில் வண்ணவிளக்கு எரியும் பலகைகளையே எடுத்துக் காட்டினர். விளக்கைப் பார்த்தா எழுதப்போகிறோம்? நான்காம் கடைக்காரர் பொறுமையுள்ளவர். ஒன்பது வகைச் சுவிட்சுகள் பதித்த சிறு கட்டையொன்றை என் முன்னே வைத்து, "அழுத்திப் பாருங்கள் தம்பி, பிறகு விலை பேசலாம்" என்றார். "அண்ணா, சுவிட்சைக் கழற்றி மாற்றக்கூடியதாய் இருக்கவேண்டும், விலை 2,500-க்குள் இருக்கவேண்டும்" என்றேன். அவர் சற்றே என்னை ஏறிட்டுப் பார்த்து, உள்ளே சென்று, ஒரு பெட்டியைத் தூசி தட்டிக் கொணர்ந்தார்.

கழற்றி மாற்றக்கூடியது என்று யான் கேட்டதைக் கடைவீதியார் ஹாட்ஸ்வாப் என்பர். பழைய அமைப்பில் ஒவ்வொரு சுவிட்சும் ஈயப் பற்றால் பலகையோடு ஒட்டப்பட்டிருக்கும். ஒன்றை எடுக்கப் பற்றுக்கோல் வேண்டும், பழகிய கையும் வேண்டும். ஹாட்ஸ்வாப் அமைப்பிலோ, ஒவ்வொரு சுவிட்சின் கீழும் பொருத்துவாய் இருக்கும். இடுக்கி போன்ற ஒரு சிறு கருவியால் பிடித்து மேலே இழுத்தால் சுவிட்சு கழன்று வரும். வேறொன்றை வைத்து அழுத்தினால் பொருந்திவிடும். மலிவான பலகைகள் சிலவற்றில் மூன்று ஊசியுள்ள சுவிட்சே பொருந்தும். ஐந்து ஊசியுள்ளதை வாங்கினால் பிளாஸ்டிக்காலான இரண்டைக் கத்தரித்தே பொருத்தவேண்டும். இதனையும் அக்கடைக்காரரே சொல்லி அனுப்பினார். விலையுயர்ந்து இறுக மூடிக்கிடக்கும் பலகையினும், மலிவாயிருந்து திறந்து திருத்த இடந்தருவதே மேல் என்பது அன்றும் இன்றும் என் கருத்து. அதில் வந்தவை சிவப்புச் சுவிட்சுகள்.

முதல்நாள் இரவு அதன் குரலைக் கேட்ட என் அறைத்தோழர், தகரக் கூரையில் மழை பெய்வது போலிருக்கிறது என்றார். மலிவான பலகையில் மிச்சம் பிடித்த காசு தெரிவது ஓசையில்தான். உள்ளே வெற்றிடம் மிகுதி. சுருள்வில் உராய்ந்து மெல்ல ஒலிக்கும். இடைவெளி விசை முதலிய நீண்ட விசைகளை இருபுறமும் சமமாக இறக்கும் கம்பி தன் கொண்டியில் ஆடிக் கலகலக்கும். இக்கம்பியமைப்பை ஸ்டெபிலைசர் என்பர். யான் 350 ரூபாய்க்குச் சிறு குப்பியில் கிரைட்டாக்ஸ் 205 என்னும் கிரீசும், கம்பிக்கென்று கெட்டியான வேறொரு கிரீசும், மெல்லிய தூரிகை ஒன்றும் வாங்கினேன். 68 சுவிட்சுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, கூட்டைத் திறந்து, தண்டின் பக்கங்களிலும் சுருள்வில்லின் இரு முனையிலும் கிரீசைத் தடவி மூடினேன். தடவுதல் என்பதினும், தடவியும் தடவாமலும் விடுதல் எனலே பொருந்தும். மிகுந்தால் தண்டு சேற்றில் கால்வைத்தது போல் மந்தமாகும். மூன்று இரவுகள் இதிற் சென்றன. தேர்வுக்கு அவ்வளவு பொறுமையோடு படித்தவனல்லன் யான்.

பலகையின் அடிமூடியைத் திறந்து, மின்சுற்று அட்டையின் முதுகில் வண்ணம் பூசுவோர் ஒட்டும் காகித டேப்பை இரண்டு மடிப்பாக ஒட்டினேன். பெட்டியோடு வந்த மெத்தென்ற தாளை அளவாக வெட்டி அடியில் விரித்தேன். டேப்பினால் ஓசை பெரிதும் மாறும் என்று பலர் வியந்துரைப்பர். என் செவிக்கு அத்துணை வேறுபாடு தெரியவில்லை. ஸ்டெபிலைசர்க் கம்பிக்கு இட்ட கெட்டிக் கிரீசே பேருதவி செய்தது. மழை இப்பொழுது மணலிற் பெய்கிறது என்று அறைத்தோழர் சான்று வழங்கி உறங்கச் சென்றார்.

இனி என் அன்னையாரைப்பற்றிச் சொல்லவேண்டும். அவர் பாளையங்கோட்டையில் ஒரு சிறு அறையில் இருந்துகொண்டு, மனுக்களும் பத்திரங்களும் வாடகை ஒப்பந்தங்களும் தட்டச்சுச் செய்து கொடுப்பவர். தமிழ்த் தட்டச்சில் இளநிலை, முதுநிலை இரண்டு தேர்விலும் தேறி, இருபத்தெட்டு ஆண்டுகளாக இத்தொழிலைச் செய்து வருகிறார். அவற்றுள் முதற் பன்னிரண்டு ஆண்டுகள் இரும்பாலான தட்டச்சுப்பொறியில் கழிந்தன. என் கல்லூரிக் கட்டணம் அவர் விரல்களின் வழியே வருவது என்று சொன்னால் அதில் உருவகம் ஒன்றும் இல்லை.

அவர் விரல்கள் அறிந்த எழுத்தமைப்பு வேறு. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த முத்தையா என்பாரே தமிழ்த் தட்டச்சுப்பொறிக்கு முதன்முதல் எழுத்தமைப்பு வகுத்தவராகப் போற்றப்படுபவர். தமிழ்த் தட்டச்சுப்பொறி ஓசையை நோக்கியதன்று, வடிவத்தை நோக்கியது. காகிதத்தில் இடமிருந்து வலமாக எவ்வுரு முன்னே நிற்கிறதோ அதனை முன்னே தட்டவேண்டும். 'கெ' என்று எழுதக் கொம்பு முதலில், ககரம் பின்னர். புள்ளியின் நிலை இன்னும் விந்தையானது. புள்ளி எழுத்தின் தலைமேல் இருப்பது. ஓரெழுத்தைத் தட்டியவுடன் காகிதத்தைத் தாங்கிய வண்டி ஓரடி நகர்ந்துவிடுமாதலால், பின்னர்த் தட்டினால் புள்ளி அடுத்த இடத்தில் விழும். ஆகவே புள்ளி விசையைத் தட்டினால் வண்டி நகராதபடி அமைத்தனர். முதலில் புள்ளி, அதன்மேல் மெய். நாம் கையால் எழுதும் முறைக்கு இது நேர்மாறு. ஆயின் அப்பொறியில் அதுவன்றி வேறு வழியில்லை.

அப்புள்ளி விசை இருக்கும் இடம் வலக்கைச் சிறுவிரலின் கீழே. இடக்கையில் ய, ள, ன, க என்று தொடங்கும் நடுவரிசை, வலக்கையில் டகரத்தைக் கடந்து புள்ளியில் வந்து நிற்கும். ஐந்து விரலில் வலிமை குன்றியது அது. தமிழிலோ புள்ளி மிகுந்து வருவது. அன்னையார் நாள்தோறும் தட்டும் தொடர் ஒன்றையே காட்டுகிறேன்: 'விண்ணப்பதாரர் பணிவுடன் சமர்ப்பிக்கும் மனு.' இதில் எழுத்து 23. அவற்றுள் புள்ளி பெற்றவை 8. எட்டு முறையும் அச்சிறுவிரலே இறங்கவேண்டும். இதனைத் தமிழ்99-இல் எழுதினால் ண்ண, ப்ப, க்க என்னும் இரட்டிப்புக்களில் புள்ளி தானே வருவதால், நான்கு முறை தட்டினாற் போதும். 'தாரர்' என்பதில் ரகரம் இரண்டிற்கும் இடையே ஓர் அகரம் இடவேண்டும் என்பது வேறு. அந்நான்கையும் தட்டுவது இடக்கைச் சுட்டுவிரல். எஃப் விசையின் முகத்தில், கண்ணாற் காணாமலே விரல் தன் இடத்தை அறிய ஒரு சிறு மேடு இருக்குமே, தமிழ்99-இல் அதுதான் புள்ளி.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் சென்றபொழுது அன்னையாரின் வலக்கைச் சிறுவிரல் கணுவில் வீங்கியிருந்ததைக் கண்டேன். மாலைதோறும் வெந்நீரில் நனைத்துத் துணி சுற்றிக்கொள்கிறார். மருத்துவர் ஒரு திங்கள் ஓய்வு கொடுக்கச் சொல்லியிருக்கிறார். "ஓய்வு கொடுத்தால் அந்த ஒரு மாதம் யார் தட்டுவார்கள் ஐயா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அருகில் அமர்ந்து அவர் தட்டுவதைப் பார்த்தேன். கணிப்பொறிக்கு வந்து பதினாறு ஆண்டுகள் ஆகியும், இரும்புப் பொறியில் நெம்புகோலை எழுப்பிக் காகிதத்தில் மோதவிட்ட அந்த வேகம் அவர் விரலை விட்டு நீங்கவில்லை. ரப்பர்ப் பலகையோ அடிவரையில் அழுத்தினாலன்றி எழுதாது. ஒவ்வொரு தட்டும் அடித்தகட்டில் மோதி அக்கணுவிலேயே திரும்பி வருகிறது.

யான் என் பலகையைப் பையிலிருந்து எடுத்து அவர் முன்னே வைத்தேன். தமிழ்99-ஐக் கற்றுக்கொண்டால் புள்ளியின் சுமை பாதி குறையும், அதுவும் சிறுவிரலை விட்டுப் போகும் என்று எடுத்துரைத்தேன். மறுக்காமல் இரண்டு நாள் முயன்றார். மூன்றாம் நாள் காலையில், "மனம் ஒன்று சொல்கிறது, விரல் ஒன்று செய்கிறது. வந்தவர்கள் கோர்ட்டுக்கு நேரமாகிறதென்று நிற்கிறார்கள். உன் முறை நல்லதுதான், ஐயா, எனக்கு இனி அது வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். யான் மேலே பேசவில்லை. இருபத்தெட்டு ஆண்டு விரலில் ஊறிய எழுத்தை மாற்று என்பது, பேச்சை மாற்று என்பது போன்றது. இரண்டு அமைப்பும் ஒரே கணிப்பொறியில் இருக்கலாம், வேண்டியபொழுது மாற்றிக்கொள்ளலாம். ஆகவே எழுத்தை விட்டுப் பலகையைத் திருத்துவதே செய்யத்தக்கது என்று தெளிந்தேன்.

சிவப்புச் சுவிட்சு அவருக்கு ஒத்துவரவில்லை. தடையின்றி இறங்குவதால், விரலை விசைமேல் வைத்து அடுத்த வரியைப் படிக்கும் நேரத்தில் வேண்டாத எழுத்துக்கள் விழுந்தன. எழுத்துப் பதிந்ததென்று இடைவழியில் உணர்த்தும் குறிப்பும் இல்லாமையால், முன்போலவே அடிவரையில் மோதினார். மேடுள்ள சுவிட்சே அவருக்கு வேண்டுவது என்று கண்டு, 70 சுவிட்சுகளைச் சுவிட்சொன்று 14 ரூபாயாக 980 ரூபாய்க்கு வரவழைத்தேன். மேடுள்ள சுவிட்சுக்குக் கிரீசிடும் முறையும் வேறு. தண்டின் கால்களில் கிரீசு பட்டால் மேடு மழுங்கிவிடும். ஆகவே கால்களை விட்டுப் பக்கங்களிலும் சுருள்வில்லிலும் மட்டும் இடவேண்டும். பொருத்தும்பொழுது இரண்டு சுவிட்சுகளின் செப்பு ஊசி வளைந்துவிட்டது. மயிரிடுக்கியால் நிமிர்த்திச் சேர்த்தேன். அன்னையார் தட்டத் தொடங்கினார். முதல் நாளன்று அடித்தகட்டில் மோதும் ஓசை வழக்கம்போலவே கேட்டது. நான்காம் நாளளவில், அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கே வேறுபாடு தெரிந்தது. மேட்டைக் கடந்தவுடன் விரல் திரும்பக் கற்றுக்கொண்டிருந்தது.

ஆயின் சிறுவிரல் மட்டும் இணங்கவில்லை. மேட்டைக் கடக்க வேண்டிய அச்சிறு வலிமையும் அதற்குப் பாரமாயிற்று. அப்பொழுதுதான் கழற்றி மாற்றும் அமைப்பின் முழுப் பயனையும் கண்டேன். பலகையில் உள்ள 68 சுவிட்சும் ஒரே வகையாயிருக்க வேண்டும் என்பது எவ்விதியும் அன்று. புள்ளி விசையின் கீழிருந்த மேட்டுச் சுவிட்சை மட்டும் எடுத்துவிட்டு, முன்னர்க் கழற்றி வைத்திருந்த சிவப்பில் ஒன்றை அவ்விடத்தில் வைத்தேன். மற்றை விரல்கள் மேட்டைக் கடந்து தட்ட, சிறுவிரல் மட்டும் தடையில்லாமல் இறங்கிற்று. செலவு ஒன்றும் இல்லை. இரண்டு நிமிட வேலை. வலி நீங்கிவிட்டது என்று எழுதத் துணியேன். துணி சுற்றும் மாலைகள் குறைந்தன என்று அவரே தொலைபேசியிற் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

விசைமூடிகளை மாற்றியது கடைசி வேலை. கடையில் கிடைப்பன எல்லாம் ஆங்கில எழுத்துப் பொறித்தவை. தமிழ் எழுத்தைப் பொறிப்பித்தால் எந்த அமைப்பைப் பொறிப்பது, என்னுடையதையா, அன்னையாருடையதையா? எழுத்தே இல்லாத வெறும் மூடிகள் 650 ரூபாய்க்குக் கிடைத்தன. பிபிடி என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை; மலிவான ஏபிஎஸ் மூடியைப்போல் நாளடைவில் விரல்பட்டு எண்ணெய் வழிந்தாற்போல் மினுக்காதவை. சாம்பல் நிறத்தில், எழுத்தொன்றும் இன்றி, எஃப், ஜே இரண்டின்மேலும் சிறு மேடு மட்டும் கொண்டு விளங்கும் அப்பலகையைப் பார்த்து, மனு எழுத வந்த முதியவர் ஒருவர், "எழுத்தெல்லாம் தேய்ந்துபோகிற அளவுக்கு வேலையா அம்மா?" என்று இரங்கினாராம். அன்னையார் ஆம் என்றே சொல்லிவிட்டார்.

4,300 ரூபாயில் இருபது எஞ்சியது. பலகை பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது. விடுதியில் பழைய ரப்பர்ப் பலகையையே யான் பயன்படுத்துகிறேன். இக்கட்டுரையும் அதில் எழுந்ததே. விடுமுறையில் ஊர் சென்றால் இரவில் அன்னையார் எழுந்தபின் அமர்ந்து, எழுத்தமைப்பை மாற்றிக்கொண்டு எழுதுவேன். அவருக்குப் புள்ளியாயிருக்கும் விசை தமிழ்99-இல் நகரம். ஆகவே எனக்கு அப்பலகையில் ஏனை மெய்கள் எல்லாம் சிறு தடையைக் கடந்து வர, நகரம் மட்டும் தொட்டவுடன் வருகிறது. முதலில் அது கைக்கு இடறிற்று, இப்பொழுது பழகிவிட்டது.

அன்னையாருக்கு ஒரு குறை மட்டும் இன்னும் உண்டு. இரும்புப் பொறியில் வரி முடியப்போகும்பொழுது ஒரு சிறு மணி ஒலிக்கும். அவர் பன்னிரண்டு ஆண்டுகள் அதனைக் கேட்டவர். பலகையை ஒப்படைத்த அன்றே, இதனைத் திறந்து என்னென்னவோ செய்தாயே, அந்த மணியையும் இதற்குள் வைக்க முடியாதா என்று கேட்டார். கணிப்பொறியில் வரி தானே மடங்கிக்கொள்ளும், மணிக்கு வேலையில்லை என்றேன். "வேலை இல்லாவிட்டால் என்ன, ஐயா? ஒலித்தால் நன்றாயிருக்கும்" என்றார். இவ்விடுமுறையில் அதற்கு ஏதேனும் வழியுண்டா என்று பார்க்கவேண்டும்.